ஒன்றும் நடாத சதுரம்

அஞ்செட்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
அதில் கடைசி நான்கு ஜீப்புக்குத் தெரியாது.
பத்துக்குப் பத்து மீட்டர்,
நாலு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்.
இப்படி அறுபது சதுரம் இந்தச் சரிவில்.
இருபதில் கன்று நட்டு வேலி போட்டோம்.
இருபதில் வேலி மட்டும்.
மீதி இருபதைச் சும்மா விட்டோம்.

சும்மா விடுறதுக்கு எதுக்கு மேடம் கல்லு?
முதல் வருடம் கேட்டார் சிக்கண்ணன்,
கடப்பாரையை ஊன்றிக்கொண்டு.
ஒப்பிட, என்றேன்.
எதோட?
நாம வராமலே இருந்திருந்தா
என்ன ஆகியிருக்குமோ, அதோட.
கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அடுத்த குழிக்குப் போனார்.

இது ஐந்தாவது கணக்கெடுப்பு.
கயிறு கட்டி, மண்டியிட்டு,
கணுக்காலுக்கு மேல் வளர்ந்த எதற்கும்
பெயர், உயரம், தண்டின் சுற்றளவு.
உண்ணிச்செடி கிழித்த விரலில்
பென்சில் வழுக்குகிறது.
ஆறாம் சதுரத்து வேலியை
யானை மடக்கிப் போட்டிருந்தது. அதை விட்டுவிட்டோம்.

நட்டதில் நிற்பது நூற்றுக்குப் பதினேழு.
நாவல் ஒன்றுகூட இல்லை.
ஓடைக்கரை மரம் அது,
நர்சரியில் மிஞ்சிக் கிடந்ததென்று
பாறைச் சரிவில் கொண்டுவந்து வைத்தோம்.
புங்கனில் பாதி போயிற்று.
வேம்பு எங்கே வைத்தாலும் நிற்கும்.

வேலி மட்டும் போட்டதில்
நாங்கள் நடாத ஆச்சா, நடாத உசிலை,
வக்கணை, காரை, வெள்வேல்,
என்றோ வெட்டிய அடிக்கட்டையிலிருந்து
விரல் விரலாய்க் கருங்காலி.
இருபத்திரண்டு இனம்.
திரும்ப எண்ணினேன்.
சிக்கண்ணனை எண்ணச் சொன்னேன்.
அவருக்கு இருபத்துமூன்று வந்தது:
காரையின் கிளை என்று நான் தாண்டிப் போனது
ஒரு சந்தனம்,
பக்கத்துச் செடியின் வேரில் வாய் வைத்து
பென்சில் தடிமனில் நின்றது.

சாயங்காலம் ரேஞ்சர் நாகபூஷணம் போன் செய்தார்.
மழைக்கு முன் நாலு லட்சம் கன்று வருகிறதாம்,
குழிக்கு டெண்டர் முடிந்துவிட்டதாம்.
பதினேழை எப்படி எழுதப் போகிறீர்கள்
என்று அவர் கேட்கவில்லை.
சாப்பிட்டாச்சா மேடம், என்றார்.
இரண்டு முறை.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம்
ருத்ரம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவள்,
ஒரு காதில் இயர்போன், முப்பத்தெட்டு ஆடு.
என் அட்டவணையில் அவற்றின் பெயர்
மேய்ச்சல் அழுத்தம்.
அஞ்சு வருசமா சுத்திப் போறேன்,
தண்ணிக்கு ரெண்டு மைல் கூட, என்றாள்.
அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.
உள்ள என்னதான் முளைச்சிருக்கு?
பெயர்களைப் படித்தேன்.
வெள்வேல் வந்ததும் சிரித்துவிட்டாள்.
அது என் ஆடு போட்டது!
நீங்க கம்பி கட்டுறதுக்கு முந்தின கோடையில
இங்கதான் பட்டி, ரெண்டு மாசம்.

நெற்றைத் தின்று, இரவெல்லாம் அசைபோட்டு,
புழுக்கையோடு இறக்கிவிட்ட விதை.
வேலியால் வந்தது என்று
நேற்றிரவு எழுதி வைத்த வாக்கியத்தில்
எவ்வளவு வேலி, எவ்வளவு ஆடு?

மஞ்சள் கல்லின் மேல் உட்கார்ந்தேன்.
வெயில் கல்லிலிருந்து உடம்புக்கு ஏறியது.
பட்டி போட்ட சதுரம், போடாத சதுரம்,
எத்தனை இரவு, எந்த மாதம்,
அப்புறம் கம்பி, அப்புறம் காத்திருப்பு.
எப்படியும் ஐந்து வருடம் வேண்டும்.
கையில் இருப்பது இரண்டு வருடத்துக்கு நிதி.
நாலு லட்சம் கன்று
லாரியில் ஏறிக்கொண்டிருக்கும் இந்நேரம்.

பழைய வாக்கியத்தை அடித்தேன்.
நடாத சதுரம் நட்டதை விஞ்சியது,
காரணம் பாதிதான் தெரியும், என்று எழுதினேன்.
அந்தப் பாதியை எப்படிப் படிப்பார்கள்
என்றும் தெரியும்.

சிக்கண்ணன் பெயின்ட் டப்பாவைத் திறந்து
மழையில் வெளுத்த கல்லுக்கு
மறுபூச்சு அடிக்கத் தொடங்கினார்.
ருத்ரம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு பத்தடி போய்
இயர்போனைக் கழற்றித் திரும்பினாள்:
அடுத்த தடவ கல்லு எங்க வைக்கப் போறீங்கன்னு
முன்னாடியே சொல்லுங்க.